இரவல் தைரியம்

ஒரு வாக்கு மீறப்பட்டது நல்லதுதான் என்று முழு மனதோடு ஒப்புக்கொண்ட பிறகும், அதைக் கொடுத்து மீறியவர்கள்மீது கோபம் தணியாமல் இருப்பது ஏன் என்று கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹைதராபாத் சமஸ்தானத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானுக்காக வருந்துகிறவன் அல்ல நான். கடவெண்டி கிராமத்தில் 1946 ஜூலை 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட தொட்டி கொமரய்யாவின் பக்கம், தன் விளைச்சலை விஸ்னூர் நிலக்கிழாரான தேஷ்முக்கின் ஆட்கள் அள்ளிப்போக விடாமல் எதிர்த்து நின்ற சாகலி ஐலம்மாவின் பக்கம் நிற்பவன். அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர வேண்டும், அந்த ஆட்சி முடிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனாலும் 1946 மே 12 தேதியிட்டு பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு சமஸ்தானங்களுக்குத் தந்த குறிப்பாணையைப் படிக்கும்போது ஏதோ நெருடுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் சுயாட்சி வந்துவிட்டால் மேலாதிக்கத்தின் கடமைகளை எங்களால் நிறைவேற்ற முடியாது, அதற்காகப் படைகளை இங்கே வைத்திருக்கப் போவதும் இல்லை, எனவே சமஸ்தானங்கள் எங்களிடம் ஒப்படைத்த உரிமைகள் எல்லாம் அவற்றுக்கே திரும்பிவிடும் என்கிறது அது. நியாயமான பேச்சு போலத்தான் தெரிகிறது. வாங்கியதைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் ஹைதராபாத் 1800இல் ஒப்படைத்தது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வலுவை. ஒன்றரை நூற்றாண்டு பயன்படாமல் சூம்பிப்போன கையை அதன் உடலுக்கே திருப்பித் தருவதாகச் சொன்னால் அதற்கு என்ன பொருள்?

அந்த ஒப்படைப்பு நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1798இல் நிஜாமின் படையில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளின் பிரிவுகள் கலைக்கப்பட்டன. அந்த இடத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை வந்தது. 1800 அக்டோபர் 12 உடன்படிக்கையில் நிஜாமைப் பகைவர்களிடமிருந்து காப்பதாகக் கம்பெனி பொறுப்பேற்றது. அந்தப் படையின் செலவுக்காக, மைசூர்ப் போர்களில் நிஜாமுக்குக் கிடைத்திருந்த பெல்லாரி, கடப்பை, அனந்தபூர் பகுதிகள் கம்பெனிக்குப் போயின. சென்னை மாகாணத்தின் வரைபடத்தில் வெகுகாலம் 'சீடட் டிஸ்ட்ரிக்ட்ஸ்' என்று இருந்தவை இவைதாம். தாமஸ் மன்றோ தன் பெயரை நிலைநாட்டியதும் அங்கேதான். ஆக, பாதுகாப்புக்கான விலை முதல் நாளே நிலமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை. உடன்படிக்கையில் இல்லாத 'ஹைதராபாத் கண்டிஞ்சென்ட்' என்ற இன்னொரு படை பின்னால் உருவாயிற்று. அதன் அதிகாரிகள் பிரிட்டிஷார், சம்பளம் நிஜாமுடையது. அந்தச் சம்பளத்துக்காக நிஜாமின் அரசு கடன் வாங்கியது. கடன் கொடுத்த முக்கியமான இடம் பிரிட்டிஷ் பிரதிநிதியின் இருப்பிடமான ரெசிடென்சியின் நிழலிலேயே தொழில் நடத்திய வில்லியம் பாமர் கம்பெனி. வட்டி நூற்றுக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து என்று போயிற்று. ஐரோப்பியர்கள் இந்திய மன்னர்களுக்குக் கடன் கொடுப்பதைச் சட்டம் தடுத்திருந்தது. கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு அதிலிருந்து பாமருக்கு விலக்கு அளித்தார். ஹேஸ்டிங்ஸ் வளர்த்த பெண்ணின் கணவர் அந்தக் கம்பெனியில் பங்காளி. சார்லஸ் மெட்கால்ஃப் 1820இல் ரெசிடென்டாக வந்து இதைக் கிளறியபோது கல்கத்தாவிலிருந்து லண்டன் வரை நாறியது. கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி தலையிட்டுக் கடனை அடைத்தது. அதற்கு ஈடாக, வட சர்க்கார் பகுதிகளுக்காகத் தான் நிஜாமுக்கு ஆண்டுதோறும் கட்டிவந்த ஏழு லட்ச ரூபாய் பேஷ்குஷ்ஷை நிரந்தரமாக நிறுத்திக்கொண்டது.

தமிழ் வாசகருக்கு இது புதுக் கதை அல்ல. ஆற்காட்டு நவாபின் கடன்களில் கர்நாடகமே கரைந்துபோனதை நம் ஊர் வரலாறு அறியும். பிரிட்டிஷ் அதிகாரம் அருகில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் கடன் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். அதே தைரியத்தில்தான் அரசும் வாங்கியது. அந்தத் தைரியத்தை வழங்கியவர்கள் அதற்கும் கட்டணம் வசூலித்தார்கள். 1853இல் கண்டிஞ்சென்ட் படைக்கான பாக்கியைக் காட்டி டல்ஹௌசி பெரார் முழுவதையும், ராய்ச்சூர் தோஆபையும், தாராசிவ் பகுதியையும் அடகாகப் பிடுங்கிக்கொண்டார். பெராரின் கரிசல் மண், பருத்தி விளையும் மண். நான்கு ஆண்டுகள் கழித்து 1857 ஜூலை 17 அன்று துர்ரேபாஸ் கானும் மௌலவி அலாவுதீனும் ரோஹில்லாக்களைத் திரட்டிக்கொண்டு ரெசிடென்சியைத் தாக்கினார்கள். நிஜாமின் அரசு பிரிட்டிஷார் பக்கம் நின்றது, தாக்குதல் தோற்றது. தென்னிந்தியா எழாமல் இருந்ததற்கு திவான் சாலர் ஜங் முக்கியமான காரணம் என்று பிரிட்டிஷார் பிறகு நன்றியோடு எழுதினார்கள். அந்த நன்றியாக 1860இல் ராய்ச்சூரும் தாராசிவும் திரும்பி வந்தன. பெரார் வரவில்லை. 1902இல் கர்ஸன் ஆண்டுக்கு 25 லட்ச ரூபாய்க்கு அதை நிரந்தரக் குத்தகையாக்கினார். தாராசிவின் குடியானவர்களை இந்தக் கைமாறுதல்களில் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது என்னை விடாமல் தொந்தரவு செய்யும் கேள்வி. பாக்கிக்காக எடுத்தார்கள், விசுவாசத்துக்காகக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக்குப் பின்னாளில் உஸ்மானாபாத் என்று பெயரானது. இந்தக் கட்டுரையில் அது மறுபடியும் வரும்.

ஹைதராபாத்தின் கோட்டிப் பகுதியில் அந்த ரெசிடென்சி இன்றும் நிற்கிறது. பெரிய கொரிந்தியத் தூண்கள், படிக்கட்டின் இரு புறமும் சிங்கங்கள். ரெசிடென்ட் கிர்க்பாட்ரிக் காலத்தில், நிஜாமின் செலவில் எழுந்த மாளிகை. சுதந்திரத்துக்குப் பின் பெண்கள் கல்லூரி ஆகி, இப்போது பெண்கள் பல்கலைக்கழகமாக இருக்கிறது. அதற்கு ஐலம்மாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வெளியே கோட்டிச் சந்தையின் பழைய புத்தகக் கடைகள், பஸ்களின் புகை, உருதுவும் தெலுங்கும் கலந்த பேரம். அந்தத் தர்பார் மண்டபத்தின் உயரத்துக்குக் கீழே நின்றால் ஒன்று உறைக்கிறது: காப்பாற்ற வேண்டியவரைத் தன் அளவைக் காட்டியே அமைதிப்படுத்தும்படி கட்டிய கட்டிடம் இது. வாக்கு கொடுத்தவரின் பலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த வாக்கைச் சந்தேகிக்கத் தோன்றாது. நிஜாம்களும் சந்தேகிக்கவில்லை. முதல் உலகப் போரில் பணத்தை வாரிக் கொடுத்தார்கள். ஹைதராபாத் பெயரைத் தாங்கிய விமானப் பிரிவுகள் இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டனுக்காகப் பறந்தன. பதிலுக்கு 1918இல் வேறு எந்த மன்னருக்கும் இல்லாத பட்டம் வந்தது. அதோடு 'பிரிட்டிஷ் அரசின் விசுவாசமான நேச சக்தி' என்ற அடைமொழியும்.

இந்த ஏற்பாடு முழுவதும் அரண்மனைக்கும் ரெசிடென்சிக்கும் இடையில் நடந்தது. சமஸ்தானத்தின் மக்கள்தொகை ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ எண்பத்தைந்து விழுக்காட்டினர் இந்துக்கள். தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசிய அவர்களில் பெரும்பாலோருக்கு அரசு என்றால் தேஷ்முக், கூலியில்லாத வெட்டிச் சாகிரி, கச்சேரியில் புரியாத மொழி. அந்நியப் படையெடுப்பிலிருந்து காப்பதாகத் தொடங்கிய வாக்கு, காலப்போக்கில் மன்னரைச் சொந்தக் குடிமக்களிடமிருந்து காப்பதாக மாறிவிட்டது. இதுதான் அதன் ஆழமான கேடு என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து ஒரு பேரரசு பக்கபலமாக நிற்கும்போது, ஆள்கிறவனுக்குத் தன் ஜனங்களின் மனத்தைச் சம்பாதிக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. 1938இல் ஹைதராபாத் ஸ்டேட் காங்கிரஸ் முறையாகத் தொடங்கும் முன்பே தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அரசியல் சீர்திருத்தத்துக்காக ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவர் வழக்கறிஞர் அரவமுது அய்யங்கார். சீர்திருத்தங்கள் 1939இல் அறிவிக்கப்பட்டன. ஆனால் மக்களுக்குப் பொறுப்பான அரசு என்ற பேச்சே அவற்றில் இல்லை. பெரார் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்த பேரரசு இந்த விஷயத்தில் கட்டாயப்படுத்த எதுவுமில்லை என்று இருந்துவிட்டது.

பெரார் விஷயத்தில் எவ்வளவு கறார் என்பதற்கு 1926 மார்ச் 27 அன்று வைஸ்ராய் ரெடிங் பிரபு நிஜாமுக்கு எழுதிய கடிதமே சாட்சி. பெராரைத் திரும்பக் கேட்டபோது, வெளியுறவு தவிர்த்த மற்ற விஷயங்களில் தானும் பிரிட்டிஷ் அரசும் சம அந்தஸ்தில் பேசலாம் என்று நிஜாம் கேட்டிருந்தார். ரெடிங் மறுத்தார். பிரிட்டிஷ் மேலாதிக்கம் உடன்படிக்கைகளிலிருந்து மட்டும் பிறந்தது அல்ல, அவற்றுக்கு அப்பாலும் அது தனித்து நிற்கிறது, எந்தச் சமஸ்தான மன்னரும் சமநிலையில் பேச உரிமை கோர முடியாது என்று எழுதினார். இப்போது இந்தக் கடிதத்தையும் 1947 இந்திய சுதந்திரச் சட்டத்தின் ஏழாம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப்பாருங்கள். மேலாதிக்கம் முடிகிறது, அதோடு எல்லா உடன்படிக்கைகளும் எல்லாக் கடமைகளும் முடிகின்றன என்கிறது ஏழாம் பிரிவு. அதிகாரம் செலுத்தும்போது உடன்படிக்கைக்கு வெளியிலும் எங்களுக்கு உரிமை உண்டு என்றவர்கள், கடமை வரும்போது உடன்படிக்கையும் சேர்ந்தே செத்துவிட்டது என்கிறார்கள். நிஜாம் ஜூலையில் மவுண்ட்பேட்டனுக்கு எழுதிய ஆட்சேபத்தின் மையம் இதுதான். அவர் கேட்ட கேள்வி சட்டப்படி சரியானது. கேட்டவர் தன் மக்களுக்குக் கொடுக்காததைத் தனக்கு மட்டும் கேட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் என் சங்கடம்.

அப்படியானால் பிரிட்டன் வாக்கைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? காப்பாற்றுவது என்றால் என்ன? தெலங்கானாவில் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு எதிராக, நிஜாம் ஆட்சியைக் காக்க ஆயுதமேந்திய காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்களுக்கு ஆதரவாக, லண்டனிலிருந்து துப்பாக்கிகள் வந்திருக்க வேண்டும். அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. வாக்கு உடைந்தது, உடைய வேண்டியதுதான். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. வாக்கு செத்துவிட்டது என்று கொடுத்தவருக்குத் தெரிந்த நாளுக்கும், வாங்கியவருக்கு அது புரிந்த நாளுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் செத்தார்கள். 1946 மேயில் தெரிந்துவிட்டது. 1947 ஜூலை 25 அன்று மன்னர்கள் சபையில் மவுண்ட்பேட்டன் பேசியபோது, சட்டப்படி நீங்கள் சுதந்திரமானவர்கள் என்றார், நடைமுறையில் அண்டை நாட்டிலிருந்து ஓடிவிட முடியாது என்றும் சொன்னார். மற்ற மன்னர்கள் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டார்கள். ஹைதராபாத்தின் காதில் முதல் வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. அதற்கு நிஜாமின் பிடிவாதத்தை மட்டும் குறைசொல்லிவிட முடியுமா? ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறவருக்கு, கேட்பவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார் என்று தெரியாதா? விடைபெறும் அவசரத்தில், கடனில் மூழ்கிய நாடு, வேறு வழி இருந்ததா என்று அவர்களுக்காக வாதாடியும் பார்த்தேன். அவசரம் 1947இன் கணக்குக்குச் செல்லும். 1926க்கு அவசரம் இல்லை. 1936இல் பெராரில் நிஜாமின் இறையாண்மையைப் பெயரளவில் ஒப்புக்கொண்டு அவர் வாரிசுக்கு 'பெரார் இளவரசர்' என்று பட்டம் கொடுத்தார்களே, அதற்கும் அவசரம் இல்லை. எதிர்காலம் இல்லை என்று உள்ளூரத் தெரிந்த ஒன்றுக்கு அலங்காரம் செய்துகொண்டே இருந்தார்கள்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மவுண்ட்பேட்டனின் நண்பரான வழக்கறிஞர் வால்டர் மாங்க்டன் நிஜாமின் ஆலோசகராக டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் பறந்துகொண்டிருந்தார். 1947 அக்டோபர் 27 விடிகாலையில், டெல்லிக்குப் புறப்பட இருந்த நிஜாமின் தூதுக்குழுவினரின் வீடுகளை ரஜாக்கர்களின் ஆதரவாளர்கள் வளைத்துக்கொண்டார்கள். பயணம் நின்றது, சத்தாரி நவாபின் பிரதமர் பதவி போனது, மீர் லாயக் அலி பிரதமரானார். நவம்பர் 29இல் ஓராண்டுக்கு நிலைமையை அப்படியே வைத்திருக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் கராச்சியிலிருந்து இரவோடிரவாக விமானத்தில் ஆயுதங்களைக் கொண்டுவந்து இறக்கினார். 1948 ஜூலையில் லண்டன் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் ஹைதராபாத்துக்காகக் குரல் எழுப்பினார். எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சு அது. அதற்குப் பின்னால் ஒரு சிப்பாய்கூட இல்லை. ஆனால் அந்தப் பேச்சின் செய்தி ஹைதராபாத்தில் எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. எங்கோ யாரோ நமக்காக இருக்கிறார்கள் என்ற அந்த இரவல் தைரியம் ரஸ்வியின் மேடைப் பேச்சுகளுக்கு எரிபொருளானது. இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதிய 'இம்ரோஸ்' ஆசிரியர் ஷோயபுல்லா கானை ஆகஸ்டில் ரஜாக்கர்கள் வெட்டிக் கொன்றார்கள். அதே மாதம் 27ஆம் தேதி பைரான்பள்ளியில் கிராமத்தவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள்.

செகந்தராபாத்தின் தமிழ்க் குடும்பங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னைப் படையோடும் ரயில்வேயோடும் வந்து, உள்ளூர்க்காரர்கள் லஷ்கர் என்று சொன்ன அந்தக் கண்டோன்மென்ட் ஊரில் தங்கிவிட்டவர்கள். அவர்களுடைய நிம்மதியும் ஒரு வகையில் அந்தப் படைமுகாமிடமிருந்து இரவல் வாங்கியதுதான். 1948 தொடக்கத்தில் இந்தியப் படைகள் செகந்தராபாத்திலிருந்து வெளியேறியபோது அந்த ஊரில் வந்து உட்கார்ந்த பயத்தை, அங்கேயே பிறந்து வளர்ந்த அசோகமித்திரன் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலில் வைத்திருக்கிறார். கிரிக்கெட் ஆடும் ஒரு பையனின் கண் வழியாக அதைப் பார்க்க முடிவு செய்தது பெரிய எழுத்தாளனின் முடிவு. ஒப்பந்தம் எழுதியவர்கள் யாரும் அந்தப் பையன் இருக்கும் தெருவுக்கு வருவதில்லை. அவன் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரன் தன்னைப் பார்க்கும் பார்வை மாறுவதை மட்டும்தான்.

தமிழர்களுக்கு இது தூரத்து அனுபவமும் அல்ல. இலங்கையை விட்டுப் போகும்போது பிரிட்டன் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் காட்டி, சிறுபான்மையினருக்கு எதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்ற முடியாது என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனது. 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதை எதிர்த்த கோடாகன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. அதே சோல்பரி பிரபு 1963இல் ஒரு நூலின் முன்னுரையில், அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் சேர்க்காமல் விட்டதற்காக வருத்தம் தெரிவித்தார். ஹாங்காங்கைப் பற்றி 1984இல் பெய்ஜிங்கோடு கையெழுத்திட்ட கூட்டறிக்கையிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த ஊரின் வாழ்க்கை முறை மாறாது என்ற உறுதி இருக்கிறது. மூன்று இடங்களிலும் தைரியம் சொன்னவர் கப்பலேறிப் போகிறவர். சொன்னதைச் செய்துகாட்ட வேண்டிய இடத்தில் அவர் இருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படைகள் நுழைந்தன. 16ஆம் தேதி பாரிஸில் கூடிய ஐ.நா. பாதுகாப்புச் சபை ஹைதராபாத்தின் முறையீட்டை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் சார்பில் பேசியவர் ஆற்காடு ராமசாமி முதலியார். சபைக்கு அன்று தலைமை தாங்கியவர் பிரிட்டனின் அலெக்சாண்டர் காடகன். 1800இல் பாதுகாப்பதாகக் கையெழுத்திட்ட நாடு, அந்தச் சமஸ்தானத்தின் கடைசி முறையீட்டின்போது தலைவர் நாற்காலியில் இருந்தது. மறுநாள் நிஜாம் போரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்குப் பின் நடந்ததை நாம் வெகுகாலம் பேசாமல் இருந்தோம். நேரு அனுப்பிய பண்டிட் சுந்தர்லால் குழு, நடவடிக்கையின்போதும் அதை ஒட்டியும் கொல்லப்பட்டவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் ரஜாக்கர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் உஸ்மானாபாத் ஒன்று. பாக்கிக்காக எடுத்து விசுவாசத்துக்காகத் திருப்பிக் கொடுத்த அதே தாராசிவ். அந்தக் கொலைகளுக்குப் பிரிட்டன்தான் பொறுப்பு என்று சொல்லமாட்டேன். கத்தியைப் பிடித்த கைகள் இங்கே இருந்தவை, பாராமுகமாக இருந்த சீருடைகளும் நம்முடையவை. அதை வேறு யார் தலையிலும் கட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் ரஸ்விகளுக்கு அவ்வளவு நாள் அவ்வளவு தைரியம் இல்லாதிருந்தால், நிஜாம் 1946லேயே தனக்கு யாரும் இல்லை என்று உணர்ந்து தன் மக்களோடு பேச உட்கார்ந்திருந்தால், பழிதீர்க்கும் வெறி இந்த அளவுக்குத் திரண்டிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதே செப்டம்பரில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் நிஜாமின் அரசுக் கணக்கிலிருந்து 10,07,940 பவுண்டும் 9 ஷில்லிங்கும் பாகிஸ்தான் ஹை கமிஷனர் பெயருக்கு மாற்றப்பட்டன. சில நாட்களில் நிஜாம் அதைத் திருப்பிக் கேட்டார். வங்கி யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. 2019 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தப் பணம் இந்திய அரசுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தபோது அது மூன்றரைக் கோடி பவுண்டாகப் பெருகியிருந்தது. எழுபத்தொரு ஆண்டுகள் ஒரு பைசா குறையாமல் காத்து, ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, உரியவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். சுந்தர்லால் குழுவின் அறிக்கையும் நெடுங்காலம் ஒரு கோப்பில் கிடந்து 2013இல்தான் பொதுப் பார்வைக்கு வந்தது. உஸ்மானாபாத்திலும் குல்பர்காவிலும் பீதரிலும் நாந்தேடிலும் செத்தவர்களின் பிள்ளைகள் எந்த நீதிமன்றத்திலும் வாரிசுகளாக அழைக்கப்படவில்லை. பைரான்பள்ளியில் சுடப்பட்டவர்களின் பிள்ளைகளும்தான்.